மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தில் இன்னும் ஊகிக்க முடியாதது என்று ஏதாவது இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா, மூன்று வாரப் பந்தயம் எது வந்தாலும் "கடைசி நாள் வரை எதுவும் நடக்கலாம்" என்று வர்ணனையாளர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்கே நடக்கிறது? 2020 முதல் 2025 வரை டூரை ஜெயித்தவர்கள் இரண்டே பேர், போகச்சார் நான்கு, விங்கேகார் இரண்டு. அதற்கு முன் 2012 முதல் 2019 வரை எட்டில் ஏழு ஒரே அணிக்கு (ஸ்கை, கடைசி வருடம் இனியோஸ் என்று பெயர் மாறியிருந்தது). ஒரு நாள் பந்தயத்தில் தப்பான நேரத்தில் பஞ்சர் ஆனால் கதை முடிந்தது, அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலை உண்டு. 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ், எல்லா நேரத்தையும் கூட்டினால் குறைவாக வருகிறவர் சாம்பியன்) ஓட்டும்போது அதெல்லாம் கழிந்துபோய் பலசாலி மேலே வந்துவிடுவார். பந்தயம் நீள நீள ஊகிப்பது சுலபம்தான் ஆகும்.

பின்சக்கரம்:
2018 ஜிரோ பார்த்தீர்களா இல்லையா? சைமன் யேட்ஸ் மூன்று ஸ்டேஜ் ஜெயித்து, முதலிடத்தில் இருப்பவருக்கான பிங்க் ஜெர்சியைப் பல நாள் போட்டுக்கொண்டு, 19ஆம் நாள் காலை முதலிடத்தில்தான் கிளம்பினார். ஃபினெஸ்த்ரே மலை ஏற்றத்தில் கால் நின்றுபோனது. அன்று ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் போச்சு! மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்த ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாகப் போய் பந்தயத்தையே எடுத்துக்கொண்டார். 18 நாள் கணக்கு எங்கே கழிந்தது சார்?

கணக்குப்பிள்ளை:
ஃப்ரூம் யார்? அதற்குள் நான்கு டூர் ஜெயித்தவர். பந்தயம் தொடங்கும் முன் யாரைக் கேட்டாலும் சொல்லியிருக்கக்கூடிய பெயர். நடுவில் ஆட்டம் காட்டினார்கள், முடிவு மாறவில்லை. நான் பேசுவது முடிவைப் பற்றி.

பின்சக்கரம்:
முடிவையே பேசுவோம். உங்கள் 'கழிந்துபோகும்' வாதம் எங்கே இடிக்கிறது என்றால், இங்கே நேரம் கூட்டப்படுகிறது. டென்னிஸில் ஒரு செட்டை 6-0 என்று தோற்றாலும் 7-6 என்று தோற்றாலும் ஒரு செட்தான் போகும், அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம். இங்கே ஒரு மோசமான நாளுக்கு உச்சவரம்பே கிடையாது, அன்று போன ஐந்து நிமிடம் கடைசி வரை கூடவே வரும். பத்துப் பதினைந்து நாள் ஆளுக்கு நாலு நொடி, எட்டு நொடி என்று சேர்த்ததெல்லாம் ஒரு ஏற்றத்தில் போய்விடும். சின்னச் சின்ன அதிர்ஷ்டம் கழிந்துபோவது உண்மை, பெரியது கழியாது. அப்புறம் கீழே விழுவது: ஒரு நாள் பந்தயத்தில் விழ ஒரு வாய்ப்பு என்றால் இங்கே 21. 2014 டூரில் ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்த்த ஃப்ரூமும் கொன்டடோரும் பத்து ஸ்டேஜுக்குள் விழுந்து வெளியேறினார்கள், நிபாலி ஏழு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். உங்கள் "எட்டில் ஏழு" கணக்கில் விடுபட்ட அந்த ஒன்று இதுதான்.

மலைச்சாலை:
இரண்டு பேரும் கால், உடம்பு, எலும்பு என்றே பேசுகிறீர்கள். 2025 ஜிரோவில் டெல் டோரோ சோர்ந்தா தோற்றார்? 20ஆம் ஸ்டேஜ், அதே ஃபினெஸ்த்ரே. டெல் டோரோ முதலிடம், கராபாஸ் 43 நொடி பின்னால், யேட்ஸ் (ஆம், அதே யேட்ஸ்) 1 நிமிடம் 21 நொடி பின்னால். யேட்ஸ் தாக்கிக்கொண்டு போகிறார், பின்னால் இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீ துரத்து, நீ துரத்து என்று இருக்கிறார்கள். யார் முன்னால் நின்று காற்றை வாங்கித் துரத்தினாலும் மற்றவருக்குத்தான் லாபம் என்று இருவருக்கும் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் யேட்ஸுக்காக அவர் அணியின் வான் ஆர்ட் முன்கூட்டியே பிரேக்அவேயில் (முன்னால் பிரிந்துபோன கூட்டத்தில்) போய்க் காத்திருந்தார். முடிவில் யேட்ஸ் கிட்டத்தட்ட நான்கு நிமிட வித்தியாசத்தில் சாம்பியன். இதை எந்தப் பவர் மீட்டரை (கால் சக்தியை அளக்கும் கருவி) வைத்து ஊகிப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கம் நிற்கிறது. அந்த ஜிரோவுக்குப் போகச்சாரும் வரவில்லை, விங்கேகாரும் வரவில்லை. எல்லோரையும் விட ஒரு படி மேலே இருக்கிறவர் இல்லாத பந்தயம் குழப்பமாகத்தான் இருக்கும், அது மூன்று வாரம் ஓடுவதால் வந்த குணம் இல்லை. 2024 ஜிரோவுக்குப் போகச்சார் வந்தார், ஏறக்குறைய பத்து நிமிட வித்தியாசத்தில் முடித்தார். இரண்டாவது நாளே பிங்க் ஜெர்சி. அதில் எங்கே சஸ்பென்ஸ்?

பின்சக்கரம்:
அப்படியென்றால் 2022 டூரைச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய இரண்டு டூரையும் ஜெயித்த அதே போகச்சார், மஞ்சள் ஜெர்சியில் (டூரில் முதலிடத்துக்கு அது) இருக்கிறார். கலிபியே மலைப் பக்கம் ஒரே அணியின் ரோக்லிச்சும் விங்கேகாரும் மாற்றி மாற்றித் தாக்கினார்கள், இவர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார், கிரானோன் ஏற்றத்தில் ஒன்றுமில்லாமல் போனார். அன்று விங்கேகாரிடம் இழந்தது 2 நிமிடம் 51 நொடி. அந்த வாரம் அவர் தோற்பார் என்று எழுதிய ஒருவரைக் காட்டுங்கள். இவர் முதல் டூரை எடுத்ததே 2020இல், கடைசிக்கு முந்தைய நாள் டைம் டிரையலில் (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டுவது), ரோக்லிச்சிடம் 57 நொடி முன்னிலை இருந்தபோது! நீங்கள் முடிந்த பந்தயத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு "தெரிந்ததுதானே" என்கிறீர்கள்.

ஓரக்காற்று:
2019 டூரை மறந்துவிட்டீர்கள். 19ஆம் ஸ்டேஜில் வழியில் ஆலங்கட்டி மழை, மண்சரிவு, பந்தயத்தை நிறுத்தி இசரான் மலை உச்சியைக் கடந்த நேரத்தையே கணக்கில் எடுத்தார்கள், பெர்னால் மஞ்சள் ஜெர்சிக்கு வந்தார். மற்றவர்களுக்கு இறக்கமும் மிச்ச ஏற்றமும் கிடைக்கவே இல்லை. அதே ஸ்டேஜில், ஜெயிக்க வாய்ப்பிருந்த பினோ தொடைத் தசை வலியில் அழுதுகொண்டே இறங்கிப் போனார். 2023 வுவெல்டாவில் செப் குஸ் ஜெயித்ததும் உண்டு, அந்த வருடம் மற்ற இரண்டு பெரிய பந்தயத்திலும் தலைவர்களுக்கு உதவியாளாக ஓட்டியவர்.

கணக்குப்பிள்ளை:
குஸ், விங்கேகார், ரோக்லிச், முதல் மூன்று இடமும் ஒரே அணி. அந்த வருடம் மூன்று பெரிய பந்தயமும் அதே அணிக்குத்தான். இதைப் போய் ஊகிக்க முடியாதது என்றால் நான் என்ன சொல்ல? சரி, பேச்சு வேண்டாம். அடுத்த டூர் தொடங்கும் முன் மூன்று பெயர் எழுதி இங்கேயே போடுகிறேன், அதில் ஒருவர் ஜெயிப்பார்.

பின்சக்கரம்:
மூன்று எதற்கு? இவ்வளவு உறுதி என்றால் ஒரு பெயர் போதுமே. எந்த ஸ்டேஜில் ஜெர்சி கைக்கு வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரு பெயர்: போகச்சார். ஸ்டேஜ் எல்லாம் சொல்ல முடியாது.

மலைச்சாலை:
ஏன் முடியாது? 😀