பெட்டிகள் வந்தன, கோடுகள் வரவில்லை: ரிவர்ஸ் எஞ்சினியரிங் அனுபவங்கள்

நொய்யல்:
மூன்று வாரமாகிறது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். 2007இல் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 186 டேபிள்கள். எழுதியவர் தொடர்பில் இல்லை. ஆவணம் ஒரு பக்கம்கூடக் கிடையாது. புதிய மென்பொருளுக்கு மாறுவதற்கு முன், இருக்கும் தளத்தைப் படித்து, டேபிளுக்கு ஒரு பெட்டி, டேபிள்களுக்கு இடையிலான உறவுக்கு ஒரு கோடு என்று வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்பது இதைத்தான். எந்தக் கருவி நல்லது என்று மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்சில் ஓட்டினேன். 186 பெட்டிகள் வந்தன. ஒரு கோடு இல்லை. டிபீவரில் திறந்தேன், அதே காட்சி.

அப்போது கணக்கர் ஐயா பின்னால் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர். திரையில் விரலை வைத்து, "தம்பி, இந்தப் பெட்டியில் இருக்கும் லாட் நம்பர்தான் சாயப்பட்டறை ரசீதில் வரும். அங்கிருந்து கட்டிங்குக்குப் போகும்" என்றார். விரல் போன வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து நிமிடத்தில் பதினான்கு உறவுகள். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. கோடே இல்லாத தளத்தை நீங்கள் எதைக் கொண்டு வரைந்தீர்கள்?

மார்கழி:
ஸ்கீமாஸ்பை. அறிவிக்கப்படாத உறவுகளையும் அது விடாது. புலத்தின் பெயரும் வகையும் இன்னொரு டேபிளின் முதன்மைத் திறவுகோலோடு (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் புலம்) பொருந்தினால், உறவு என்று ஊகித்து இடைவெளி விட்டு விட்டு வரும் கோடாகப் போட்டுவிடும். என்னைக் கவிழ்த்ததும் அந்தக் கோடுதான்.

ஒரு பொறியியல் கல்லூரியின் கட்டணத் தளம். மாணவர் டேபிளில் 'பிராஞ்ச்_கோட்' என்றொரு புலம். வங்கிக் கிளை டேபிளின் முதன்மைத் திறவுகோலும் 'பிராஞ்ச்_கோட்'. கருவி இரண்டையும் இணைத்தது, நானும் ஆவணத்தில் அப்படியே சேர்த்தேன். பொறியியல் கல்லூரியில் பிராஞ்ச் என்றால் துறை என்பது படித்து வந்த எனக்கே தோன்றவில்லை. எட்டு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த ஆவணத்தை நம்பி ஓர் அறிக்கை எழுதினார். 104 என்பது அங்கே கணினி அறிவியல் துறை. வங்கி டேபிளில் 104 கும்பகோணம் கிளை. கணினி அறிவியல் மாணவர் அத்தனை பேரும் கும்பகோணத்தில் பணம் கட்டியதாக முதல்வர் மேசைக்குத் தாள் போனது. திட்டு வாங்கியது அந்தப் பெண். தவறு என்னுடையது என்று அன்று மாலையே முதல்வரிடம் போய்ச் சொன்னேன். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் மறக்கவில்லை.

வடகரை:
மார்கழி, குற்றம் கருவியுடையது அல்ல, சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதுதான் குற்றம். என் அனுபவம் சிறியது: எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளின் தளத்தை வரைய முயன்று ஒரு நாளில் கைவிட்டேன். அதன் உறவுகள் அதனுடைய சொந்த அகராதியில் இருக்கின்றன, தரவுத்தளத்தில் ஃபாரின் கீயாக, அதாவது ஒரு டேபிளின் புலம் இன்னொரு டேபிளைச் சுட்டுகிறது என்ற அறிவிப்பாக, இல்லை. அன்று கற்றதைச் சொல்கிறேன்.

கருவியைத் தேடும் முன், ஃபாரின் கீ அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த இலவசக் கருவியும் போதும். ஆரக்கிள் என்றால் எஸ்கியூஎல் டெவலப்பர் டேட்டா மாடலர் பணம் கேட்காது. இல்லையென்றால்தான் ஊகிக்கும் கருவி வேண்டும். காசு இருந்தால் எர்வின் வாங்குங்கள், இண்டெக்ஸைக் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) கொண்டும் புலத்தின் பெயரைக் கொண்டும் உறவை ஊகிக்கும். ஊகித்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வினவல் எழுதுங்கள்: சுட்டும் டேபிளில் (பிள்ளை) இருந்தும், சுட்டப்படும் டேபிளில் (தாய்) இல்லாத மதிப்புகள் எத்தனை? தளத்தில் சேமித்து வைத்த வினவல்களிலும் நிரல்களிலும் (வியூ, ஸ்டோர்டு புரொசீஜர்) டேபிள்களைச் சேர்க்கும் ஜாயின் வரிகளைப் படியுங்கள், மென்பொருள் உண்மையில் எதை எதோடு சேர்க்கிறது என்பது அங்கேதான் தெரியும். உறுதியான உறவை டிபீவரில் மெய்நிகர் ஃபாரின் கீயாகப் பதிந்து வையுங்கள், தளத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. நொய்யல், முதலில் உங்கள் டேபிள்கள் எந்த எஞ்சினில், அதாவது மைஎஸ்கியூஎல் தரவைச் சேமிக்கும் எந்த முறையில், இருக்கின்றன என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் கருவியை ஒப்பிட்டுப் பயனில்லை.

மார்கழி:
வடகரை, நீங்கள் சொன்ன சோதனையை அன்றே செய்தேன். துறை எண்கள் 103 முதல் 114 வரை, வங்கிக் கிளை எண்கள் 101 முதல் 140 வரை. இல்லாத மதிப்பு ஒன்றுகூட வரவில்லை. சின்ன எண்கள் எதோடும் பொருந்தும்.

கருவேலம்:
வரைவது மட்டும் ஆபத்து இல்லை. வரைந்த மாதிரியை மீண்டும் தளத்தோடு ஒத்திசைக்கும் வசதி வொர்க்பெஞ்சில் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். நான் வரைந்து இரண்டு வாரத்துக்குப் பின் சக ஊழியர் தளத்தில் ஒரு புலம் சேர்த்திருந்தார். என் மாதிரியில் அது இல்லை. தளத்தையே மாற்றும் திசையைத் தேர்ந்திருக்கிறேன் என்பதைக் கவனிக்காமல் ஒத்திசைத்தேன். கருவி என்னை ஏமாற்றவில்லை. ஓட்டப்போகும் ஆணைகளை முழுவதும் காட்டியது. ஐந்நூறு வரிக்கு மேல். உருட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரே ஒரு 'டிராப் காலம்', புலத்தையே நீக்கும் ஆணை. அழுத்திவிட்டேன். முந்தைய இரவின் காப்புப் பிரதியிலிருந்து மீட்டோம், அன்றைய பகல் பதிவுகள் போனது போனதுதான். படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு இல்லாமல் இப்போது எந்தத் தளத்தையும் வரைவதில்லை.

தென்றல்:
கருவேலம் சொல்வது சரி, ஆனால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் அதுவே என்னைக் குப்புறத் தள்ளியது. படிக்க மட்டும் உரிமை வாங்கிக்கொண்டு, இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவிலிருந்து (தளம் தன் அமைப்பைப் பற்றித் தானே தரும் பொதுப் பட்டியல்கள்) படிக்கும் ஒரு ஸ்கிரிப்டால் வரைந்தேன். கோடு இல்லை. கூட்டத்தில் எழுந்து, "உங்கள் தளத்தில் ஃபாரின் கீயே வைக்கவில்லை" என்றேன். மேசையின் மறுமுனையில் ஓர் அம்மா, தளத்தை வடிவமைத்தவர், எதுவும் பேசவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஒரு டேபிளின் விவரத்தைக் கேட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். ஒன்பது ஃபாரின் கீ, ஒழுங்காகப் பெயரிட்டு, வரிசையாக.

படிக்கும் உரிமை மட்டும் உள்ளவருக்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் கட்டுப்பாட்டுப் பட்டியல் அவற்றைக் காட்டாது. போஸ்ட்கிரஸின் சொந்தப் பட்டியலான பிஜி கேட்டலாக்கைப் படித்தால் தெரியும். எந்தக் கருவி எங்கிருந்து படிக்கிறது என்பதைக் கேட்காமல் இப்போது நான் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார், அவ்வளவுதான்.

நொய்யல்:
வடகரை ஐயா சொன்னபடி எஞ்சினைப் பார்த்தேன். 186 டேபிள்களும் மைஐசாம். 2007இல் அதுதானே இயல்பிருப்பு, 2010இல் மைஎஸ்கியூஎல் 5.5 வந்த பிறகுதான் இன்னோடிபி எஞ்சின் இயல்பிருப்பு ஆனது. மைஐசாம் ஃபாரின் கீ வரியைப் பிழை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், பிறகு அதைச் சேமிக்காமலே விட்டுவிடும்.

நேற்று கணக்கர் ஐயா பழைய சர்வர் அறை அலமாரியிலிருந்து ஒரு குறுவட்டு எடுத்துக் கொடுத்தார். டேபிள்களை முதன்முதலில் உருவாக்கிய கோப்பு அதில் இருந்தது. லாட், சாயப்பட்டறை ரசீது, கட்டிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றிலும் 'ஃபாரின் கீ', 'ரெஃபரன்ஸஸ்' வரிகள், ஓரத்தில் விளக்கக் குறிப்போடு. எண்ணிப் பார்த்தேன், 231. முதல் பதினான்கும் ஐயா விரல் வைத்த அதே கோடுகள். எழுதியவர் எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்.