சென்னை–லண்டன்: 8,200 கிலோமீட்டருக்கு 11 மணி நேரமா?

நங்கநல்லூர்வாசி:
அம்மாவுக்கு 68 வயது. மார்ச் முதல் வாரம் லண்டனில் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போகிறார். இங்கிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் ஒன்பது மணி நேரம்தானே? டைரக்ட் ஃபிளைட்டிலேயே 11 மணி நேரம் காட்டுகிறது. துபாய் வழி என்றால் டிக்கெட் விலை குறைவு. எதைப் போடலாம்?

வான்நோக்கி:
8,200 என்பது பூமி உருண்டை மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. விமானம் அந்தக் கோட்டிலேயே போகாது. சண்டை நடக்கும் வான்பகுதிகளைச் சுற்ற வேண்டும். மேற்கே போகும்போது உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் காற்று எதிரே அடிக்கும், குளிர்காலத்திலும் மார்ச்சிலும் பலமாகவே. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், பயண நேரம் குறையும். அதோடு, டிக்கெட்டில் உள்ள நேரம் இந்த கேட்டிலிருந்து அந்த கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி. டைரக்டே போடுங்கள்.

ஆதம்பாக்கம் அக்கா:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் 5,500. கூட்டினால் 8,430. சுற்றுவழி என்று பயப்படுகிறோமே, கூடுதல் 200 கி.மீ. சொச்சம்தான்! நாலு மணி நேரம் பறந்து, இறங்கி நடந்து, அப்புறம் ஏழரை மணி நேரம். என் மாமியார் டைரக்டில் போய்க் கால் வீங்கி இறங்கினார். அடுத்த முறை துபாய் வழி போனார், வீக்கமே இல்லை. அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் இருக்கிறது.

வான்நோக்கி:
அக்கா, தூரக் கணக்கு சரி. காத்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டீர்கள். மூன்று மணி நேரம் நடுவில் நின்றாலே பயணம் பதினாலு மணி நேரத்தைத் தாண்டும். 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் பெய்த மழையில் எத்தனை பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்! 2025 ஜூன் 23 அன்று அதே வளைகுடாவில் கத்தார் வான்வெளியையே மூடினார்கள். அந்த இடத்தில் தனியாக ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். நடைபாதை ஓர சீட் எடுத்தால் டைரக்டிலும் எழுந்து நடக்கலாம்.

ஆதம்பாக்கம் அக்கா:
என்றோ ஒரு நாள் நடந்ததற்காகத் தினமும் பயப்பட முடியுமா? வீல்சேர் பதிவு செய்தால் அடுத்த விமானம் வரை அவர்களே கூட்டிப் போவார்கள்.

நங்கநல்லூர்வாசி:
அம்மாவிடமே கேட்டேன். "நடுவில் இறங்கினால் எங்கே போவது என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும், கால் வலித்தாலும் பரவாயில்லை" என்கிறார். டைரக்ட் போட்டுவிட்டேன், ஓர சீட், வீல்சேரும் சொல்லியாயிற்று. காலை 5:30-க்குக் கிளம்பி 11 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் பார்த்து, ஐந்தரை மணி நேரப் பயணம் என்றே நினைத்திருக்கிறார். அங்கே கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் என்று இப்போதுதான் விளக்கினேன்.

ஆதம்பாக்கம் அக்கா:
சரி, அவர் மனசுதான் முக்கியம். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஏதாவது இருந்தால் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். எந்த ஊர் நேரப்படி போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.