ரெண்டாவது படிக்கிற பையனோட ஹோம்வொர்க் ராத்திரி பத்து மணி வரைக்கும் இழுக்குதுங்க, எப்படிச் சமாளிக்கறது?

திருப்பூர்க்காரி:

வணக்கங்க. பையன் இங்க ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிறான். நான் பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், வீடு வந்து சேர ஏழாயிரும். ஷிப்மெண்ட் இருந்தா எட்டு. அவருக்கு டையிங்ல நைட் ஷிப்ட். பையன் நாலு மணிக்கு வேன்ல வந்து எங்க அத்தைகிட்ட இருப்பான். அத்தைக்குத் தமிழ் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. "உங்கம்மா வந்து பாத்துக்குவா கண்ணு"ன்னு டிவியப் போட்டு விட்டுருவாங்க.

நான் வந்து சோத்தை வெச்சுட்டு டைரியத் தொறந்தா, நாலு கோடு நோட்டுல இங்கிலீஷ் ரெண்டு பக்கம், கணக்கு ஒர்க்‌ஷீட், ஹிந்தியில பத்து வார்த்தை அஞ்சஞ்சு தடவை, மறுநாளைக்கு டிக்டேஷன். இதுல ஒன்பது மணிக்கு வாட்ஸப் குரூப்ல "நாளை தெர்மாகோல் கொண்டு வரவும்"னு வரும் பாருங்க, அப்பத்தான் வயிறு எரியும். எந்த ஃபேன்ஸி ஸ்டோர் தொறந்திருக்கும் அந்நேரத்துக்கு?

இவன் ஒரு வரி எழுதுவான், தண்ணி குடிக்கப் போவான். இன்னொரு வரி, பென்சில் முனை உடைஞ்சுரும். அடுத்த வரிக்குப் பாத்ரூம். ஒன்பதரைக்கு அழுகை ஆரம்பிச்சுரும். கணக்குல கடன் வாங்கிக் கழிக்கிறது சுத்தமா ஏற மாட்டேங்குது. 42ல 17 போனா 35ங்கறான். எத்தனை தடவ சொல்லிக் குடுத்தாலும் அதே 35. ஹிந்தி எனக்கே தெரியாது.

டியூசன்ல போடுன்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க. ஏழு வயசுப் பையன மறுபடியும் ஒரு எடத்துல கொண்டுபோய் உக்கார வெக்க மனசு வரல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

ஆவடி அப்பா:

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க மேடம். ரெண்டாம் வகுப்பு வரைக்கும் ஹோம்வொர்க்கே கூடாது. 2018 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருபாகரன் உத்தரவு போட்டார். 2020ல மத்திய அரசு கொண்டு வந்த பள்ளிப் பைக் கொள்கையும் அதையேதான் சொல்லுது: ரெண்டாவது வரைக்கும் கிடையாது, மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் வாரத்துக்கே 2 மணி நேரம்தான். ஒரு நாளைக்கு இல்ல, வாரத்துக்கு! பையோட எடை பிள்ளையோட எடையில 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னும் இருக்கு. பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போங்க.

திருப்பூர்க்காரி:

கேட்டாச்சுங்ணா. பேரண்ட்ஸ் மீட்டிங்ல ஒருத்தர் இதையேதான் கேட்டாரு. "இது ஹோம்வொர்க் இல்லைங்க சார், ப்ராக்டீஸ்"னு முடிச்சுட்டாங்க. கோர்ட்டு உத்தரவோட போய் நின்னா அது பையன் தலையில விடியுமோன்னு இருக்குங்க.

சாத்தூர் டீச்சர்:

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் ஒண்ணாவது, ரெண்டாவதுதான் எடுத்தேன். டீச்சர் பக்கத்துச் சங்கதி ஒன்றைச் சொல்றேன், கேளும்மா.

மேசையில் நோட்டு குவிந்து கிடக்கும், அடுத்த பீரியடுக்குள் திருத்தியாகணும். அந்த நேரத்தில் எங்க கண்ணுக்குத் தெரிவது முடிச்சிருக்கானா இல்லையா, அவ்வளவுதான். முழுசா முடிச்சு வந்தால் 'பிள்ளைக்கு வந்துருச்சு'ன்னு டிக் போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம். அவன் பத்து மணி வரை அழுதது அந்த டிக்கில் தெரியுமா? அதனால் முடியாததை முடியாமலே அனுப்பு. கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம், அதோட நோட்டை மூடிடு. டைரியில் எழுது: "7.30க்கு உட்கார்ந்தான். 8 மணி வரை இவ்வளவுதான் முடிந்தது. 42ல் 17 போனால் 35 என்கிறான்." தேதி போட்டுக் கையெழுத்து. குறை சொல்ற தொனி வேண்டாம். டீச்சருக்கு வேண்டிய விவரம் அந்த மூணு வரியில் இருக்கு.

(இதையும் சொல்லிடறேன்: ஹோம்வொர்க் தராத டீச்சரை எந்த ஊரிலும் நல்ல டீச்சர்னு சொல்ல மாட்டாங்க. நாலு நாள் கொடுக்கலைன்னா அஞ்சாம் நாள் பெத்தவங்களே வாசல்ல வந்து நிப்பாங்க.)

அந்த 35 எங்கிருந்து வருதுன்னு பாரு. பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கணும்னு அவனுக்கு நல்லாத் தெரியுது. 2ல 7 போகாது, அதனால 7ல 2ஐக் கழிச்சு 5னு போடறான். 4ல 1 போனா 3. அவனளவுல சரியாத்தான் செய்யறான். கடன் வாங்கு, கடன் வாங்குன்னா ஏறாது. அந்த 4ங்கிறது நாலு பத்துன்னு அவன் கண்ணால பார்க்கணும். ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடிச்சு, பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. நாலு கட்டும் ரெண்டு உதிரியும் அவன்கிட்ட கொடுத்துட்டு, "17 குச்சி தாடா"ன்னு கையை நீட்டு. ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்துருவான். இன்னும் ஏழு வேணும், உதிரி ரெண்டுதான் இருக்கு. முழிப்பான். நீ வாயைத் திறக்காதே. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். அன்னிக்கு நோட்டுல எழுத வைக்காதே, குச்சியோட விட்டுடு.

பென்சில் முனை உடையுதுன்னு எழுதியிருந்தே. எழுதும்போது கட்டைவிரல் நகத்தைக் கவனி. வெளுத்திருந்தா அழுத்திப் பிடிக்கிறான்னு அர்த்தம். கை வலிக்கும், அதான் தண்ணி, பாத்ரூம்னு எழுந்திருக்கிறான். கிரேயானை ஒரு அங்குலத் துண்டா ஒடிச்சு, படம் வரையக் கொடு. அத்தனை சின்னத் துண்டை விரல் நுனியாலதான் பிடிக்க முடியும், முஷ்டியாப் பிடிக்க வராது. நாற்காலியில கால் தொங்கினா அடியில மணையை வை.

தமிழை உங்க அத்தைகிட்ட விட்டுடு. விளையாடிட்டு வந்ததும் ஒரு பக்கம் சத்தமா வாசிச்சுக் காட்டட்டும். ல, ள, ழ பிசகினா அவங்க காதே பிடிச்சுக்கும்.

மதுரை மல்லி:

டீச்சர் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஸ்கூல்ல அப்படிப் பாதியில அனுப்பினா சிவப்பு மையில 'இன்கம்ப்ளீட்'. இன்டர்வல்ல மத்த பிள்ளைங்க விளையாடப் போனதும் இவள மட்டும் உக்கார வெச்சு எழுத விடுவாங்க. அதுக்குப் பயந்துதான் எம் பொண்ணு கையெழுத்து மாதிரியே எழுதப் பழகிட்டேன். இப்ப என் 'பி'யும் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பித்தான் விழுது. 😀

சாத்தூர் டீச்சர்:

மல்லி, கையெழுத்து மாறினா எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. தெரியும், சொல்ல மாட்டோம். இன்டர்வல்ல உட்கார வைக்கிறாங்கன்னா வகுப்பு மிஸ்ஸைத் தனியாப் பாரு. பிரின்சிபால்கிட்டயும் போகாதே, வாட்ஸப் குரூப்லயும் போடாதே. "அரை மணி நேரம்தான் அவளால உட்கார முடியுது. அதுக்குள்ள எதை முடிக்கணும், எதை விடலாம்?"னு கேளு. ஏன் இவ்வளவு கொடுக்கறீங்கன்னு கேட்டா அவங்களும் முறுக்கிக்குவாங்க. எதை விடலாம்னு கேட்டா அவங்களே நாலு வரி அடிச்சுக் கொடுப்பாங்க. பாதி மிஸ்ஸுங்களுக்கும் இதுல இஷ்டமில்லை, நிர்வாகம் கேட்குதுன்னு கொடுக்கறவங்கதான்.

கோவை தாத்தா:

ஹிந்திக்கு ஒரு வழி சொல்றேன். பாங்கில் இருந்தபோது மாற்றலில் போபாலில் மூன்று வருடம் இருந்தேன், அந்த ஹிந்தியை வைத்துத்தான் பேத்திக்குச் சொல்லித் தருகிறேன். பத்து வார்த்தையையும் ஒரே நாளில் ஐந்து தடவை எழுதினால் ஐந்தாவது தடவையில் எழுத்து மாறிப்போகும். வார்த்தையை முதலில் வாயால் சொல்ல வையுங்கள், பொருளைக் கையால் தொட்டுக் காட்டட்டும். தினம் மூன்று வார்த்தை எழுதினால் போதும். ஹிந்தி எழுத்துகளின் தலைக்கு மேலே வரும் கோட்டைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். முதலிலேயே நீளமாகக் கோடு இழுத்துவிட்டு அதில் எழுத்தைத் தொங்கவிடப் போய்த்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

திருப்பூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சரம்மா, நகம் நெசமாவே வெளுத்துத்தான் இருக்குது. இத்தன நாளா அவன் சாக்குச் சொல்றான்னே நெனச்சுட்டு இருந்தேன். சனிக்கிழமை மிஸ்ஸைப் பாக்கப் போறேன். எங்க வீட்டுல பிளாஸ்டிக் வெளக்கமாறுங்க, ஈர்க்குச்சிக்கு வழியில்ல. கம்பெனியில கழிச்சுப் போட்ட பட்டன் கெடக்குது, அதைப் பத்து பத்தா நூல்ல கோத்துட்டு வரட்டுங்களா?

சாத்தூர் டீச்சர்:

பட்டன் தாராளமாப் போதும். கோக்கறதையும் அவனையே விட்டுக் கோக்கச் சொல்லு, எண்ணிப் பார்த்த மாதிரியும் ஆச்சு. முடிச்சை மட்டும் நீ போடு, இழுத்தா அவிழற மாதிரி சுருக்கு முடிச்சு. இறுக்கிப் போட்டுட்டா அவிழ்க்கறதுக்கு உன்கிட்டதான் வந்து நிப்பான்.