பையனிடம் இருப்பது தன்னம்பிக்கையா, தலைக்கனமா?

திருச்சி அப்பா:
மகனுக்கு 14 வயது. சின்ன வயதிலிருந்து செஸ் ஆடுகிறான். ரேட்டிங் (ஆட்டத் திறனுக்குக் கொடுக்கும் எண்) 1712, அதைச் சொல்லாமல் யாரிடமும் பேச்சையே ஆரம்பிக்க மாட்டான். போன ஞாயிறு ஒரு டோர்னமெண்ட். பேரிங், அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல், ஒட்டியதும் எதிரே ஒன்பது வயதுச் சிறுமி என்று தெரிந்து, "ஈஸி பாயிண்ட்பா" என்று சிரித்தான். ஹாலுக்குள் பெற்றோரை விட மாட்டார்கள், கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். ஒரு மூவ் வைப்பான், எழுந்து போய் மற்ற போர்டுகளை வேடிக்கை பார்ப்பான். கடைசியில் தோற்றான். கை கொடுக்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், "அவளுக்கு லக், நான்தான் ஜெயிச்சிட்டிருந்தேன்."

"இந்த வயசுல கொஞ்சம் திமிர் வேணும், அப்பதான் பெரிய ஆளுங்க எதிர்ல நடுங்காம உட்காருவான்" என்கிறாள் மனைவி. கோச்சிங் கொடுப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

காவேரிக்கரை:
பத்தாம் வகுப்பு வரட்டும் சார், தானாக இறங்கிவிடும்.

நைட் ஃபோர்க்:
நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். முதலில் அந்த 1712. 2024 மார்ச் 1 அன்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபைடு, 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரே தடவையாக ரேட்டிங்கை ஏற்றிக் கொடுத்தது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம். 1500-ல் படுத்தவன் 1700-ல் எழுந்தான். மறுநாள் என் வகுப்புக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்த பையன்கள் உண்டு. எதிரே உட்காருகிறவனுக்கும் அதேபோல ஏறியிருக்கிறதே என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை!

அம்மா சொல்வதில் பாதி சரி. பெரிதாக ஆசைப்படுவது திமிர் இல்லை. பதினொரு வயதில் கேமரா முன்னாலேயே, உலகின் மிக இளைய சாம்பியன் ஆக வேண்டும் என்று சொன்னவர் குகேஷ். 2024-ல் டொராண்டோவில், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான், இது தன்னுடைய போட்டி என்ற எண்ணமே வந்ததாகப் பின்னால் சொன்னார். 14 சுற்றில் 9 புள்ளி எடுத்து முதலிடம். சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்தையே விட்டார். டிசம்பர் 12 அன்று 14-வது ஆட்டத்தில் ஜெயித்தபோது வயது 18. அழுதுகொண்டே காய்களைத் திரும்ப அதனதன் இடத்தில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

நான் பையன்களை ஜெயிக்கும்போது பார்ப்பதில்லை, தோற்ற பிறகு பத்து நிமிடம் பார்ப்பேன். என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், வாயே திறக்க மாட்டாள். தோற்றால் வெளியே வந்து, தோற்கடித்தவரிடமே "இந்த இடத்துல நீங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டு, வராந்தாவில் போர்டை விரித்துவிடுவாள். அவளோடு ஆட என் மற்ற மாணவர்களுக்குப் பயம்.

உங்கள் பையனுக்குப் புத்திமதி வேண்டாம். ஆடும்போது மூவ்களை எழுதி வைத்த ஸ்கோர் ஷீட்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி வைத்த நல்ல மூவ் மூன்றை அவனே காட்டட்டும். தன் தப்பைக் காட்டச் சொல்லாதீர்கள், அதற்கு ஆயிரம் சாக்கு வைத்திருப்பான்.

மல்லிகா அக்கா:
ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்த 1712-ஐ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலில் போட்டது யார்? பையனா, வீட்டுப் பெரியவர்களா? எண்ணை வைத்தே பிள்ளையை ஊருக்கு அறிமுகப்படுத்தினால், அந்த எண் குறையும்போது அவன் சாக்கு சொல்லாமல் என்ன செய்வான்?

திருச்சி அப்பா:
ஸ்டேட்டஸ் போட்டது என் மாமனார், அக்கா. கோயில் கும்பாபிஷேகப் போட்டோவுக்குப் பக்கத்திலேயே.

நைட் ஃபோர்க் சார், ஷீட்டை எடுத்தோம். 23-வது மூவுக்கு மேல் கோழி கிறுக்கல்தான். இரண்டு நல்ல மூவ் காட்டினான். மூன்றாவது, ரூக்கைக் கொடுத்துச் சிப்பாயை ராணியாக்கிய இடம். அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை அவ எப்ப பார்த்தா?" என்று கேட்டான். எனக்கு எங்கே தெரியும்! அடுத்த டோர்னமெண்டில் அவளிடமே கேள் என்றேன். மாட்டானாம். ஷீட்டை மட்டும் மடித்து செஸ் பையில் வைத்திருக்கிறான். அப்புறம், நீங்கள் ஆன்லைனில் வகுப்பு எடுப்பீர்களா என்று மனைவி கேட்கச் சொன்னாள்.