வீட்டுக்காரருக்கு நாற்பது வயதுதான், இப்பவே உயில் எழுதணுமா?

கெடிலக்கரை:
வணக்கம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு, வீட்டுக்காரர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது, பத்திரம் அவர் பேரில் மட்டும். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், கொழுந்தனார்கள் இரண்டு பேர். எங்கள் தெருவில் சின்ன வயதுக்காரர் ஒருவர் திடீரென்று போய்விட்டார், அந்த வீட்டில் இப்போது நடக்கிற இழுபறியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. உயில் என்று வாயைத் திறந்தாலே "அபசகுனமாப் பேசாதே" என்கிறார். பேங்க், எல்ஐசி எல்லாவற்றிலும் நான்தான் நாமினி. அது போதாதா?

பலாச்சுளை:
போதாது சகோதரி. நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான், எல்ஐசி பாலிசி விஷயத்தில் உச்ச நீதிமன்றமே 1984-ல் இப்படிச் சொல்லிவிட்டது. (2015-ல் சட்டம் மாறியபிறகு, மனைவியை நாமினியாகப் போட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, பேங்க் பணத்துக்குக் கிடையாது.)

வீட்டுக்கு வருவோம். உயில் இல்லாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் வீட்டில் நாலு பங்கு, அதில் ஒன்று மாமியாருக்கு. அவர் பங்கு என்பதில் தப்பே இல்லை, பெற்றவள்தானே. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அப்போது கொழுந்தனார்களும் உங்கள் வீட்டில் பங்குதாரர்கள். இன்னொன்று, பிள்ளைகள் மைனர். அவசரத்துக்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால் அவர்கள் பங்குக்கு நீங்களாகக் கையெழுத்துப் போட முடியாது, நீதிமன்ற அனுமதி வாங்கணும். படிப்புச் செலவு அதுவரை காத்திருக்குமா?

மல்லாட்டை:
பெண்களும் எழுதணும், இதை யாரும் சொல்வதில்லை. பிள்ளை இல்லாத விதவை, தன் சம்பளத்தில் வாங்கிய மனை, உயில் இல்லை. அது பெற்ற தாய்க்குப் போகாது, கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். கடைசிவரை பார்த்துக்கொண்ட அம்மா வெறுங்கையோடு நிற்பார். எனக்கு இது தெரிந்த அன்று தூக்கமே வரவில்லை.

லாஸ்பேட்டை வாசி:
புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1881 ஆணையின் கீழ் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பங்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கில் உயிலால் கை வைக்க முடியாது, அதனால் அது தெரிந்த வக்கீலிடமே போங்கள். முஸ்லிம்களுக்கும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குவரைதான் உயில் செல்லும்.

கெடிலக்கரை:
மாமியார் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. அவரையும் விட்டுவிடக் கூடாது, ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று எழுத முடியுமா? பத்திர ஆபீசுக்குப் போனால்தான் செல்லுமா, எவ்வளவு செலவாகும்?

பலாச்சுளை:
தாராளமாக எழுதலாம், அவர் மனசும் குளிரும். வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்து, அவர் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்துப் போடணும், அதுதான் உயிர்நாடி. சாட்சி வீட்டுக்காரரைவிட இளையவராக, சொத்தில் பங்கு வராதவராக இருக்கட்டும், நாளைக்கு கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே. பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பொய் உயில் என்று எவரும் சுலபத்தில் கிளப்ப முடியாது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: உயில் எழுதியதால் வீடு கைமாறாது, அவர் உயிரோடு இருக்கும்வரை விற்கலாம், உயிலை மாற்றி எழுதலாம், கிழித்தும் போடலாம். பூர்வீகச் சொத்து ஏதாவது இருந்தால் அதில் அவருடைய பங்குக்கு மட்டும்தான் எழுத முடியும், பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒருமுறை வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.