கன்ஹேரியில் இருந்து சோபாரா வரை சைக்கிளில்

பௌத்த இடங்களைப் பற்றிய பேச்சில், அஜந்தா, எல்லோரா போய் வந்ததை நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள். மும்பையை விட்டு அதிகம் தாண்டாமல், சைக்கிளிலேயே போய்ப் பார்த்த பௌத்த இடங்களை நான் சொல்கிறேன். வீடு மும்பையின் மலாடில் என்பதால் எனக்கு முதலில் வாய்த்தது கன்ஹேரிக் குகைகள்.

போரிவலி தேசியப் பூங்கா வாசலில் இருந்து குகைகளுக்கு ஆறேழு கிலோமீட்டர். சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. மர நிழலில் மிதித்துக்கொண்டே போகலாம், கடைசியில் வரும் ஏற்றம்தான் மூச்சு வாங்க வைக்கும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

மேலே ஏறியதும் எல்லோரும் மூன்றாம் எண் குகைக்குத்தான் போவார்கள். போக வேண்டியதுதான். முன்மண்டபத்தின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் உயரத்துக்குப் புத்தர் நிற்கிறார். உள்ளே 34 தூண்கள், கோடியில் ஸ்தூபி. சில தூண்களின் தலையில் யானைகளும் வணங்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். மற்றவை வெறும் எட்டுப்பட்டைக் கல். சாதவாகன அரசர் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில், 2ஆம் நூற்றாண்டில் நடந்த வேலை, ஏனோ பாதியில் நின்றிருக்கிறது.

ஆனால் எனக்குக் கன்ஹேரி என்றால் தண்ணீர்தான். பாட்டில் காலியாகி, வெயிலில் ஒரு குகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, "மேலே பார்" என்று மராத்தியில் சொல்லிக் கையை நீட்டினார். குகையின் நெற்றிக்கு மேலே, பாறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. மலைச்சரிவில் விழும் மழை குகை வாசலில் கொட்டாமல், அதில் ஓடிப் பக்கத்துத் தொட்டியில் இறங்கும். தொட்டியின் வாய் சின்னச் சதுரம்தான். குனிந்து பார்த்தால் உள்ளே பாறையைக் குடைந்துகொண்டே போயிருக்கிறார்கள். "இது ஒன்று இல்லை, எல்லாக் குகைக்கும் இப்படித்தான்" என்றார் அந்தப் பெரியவர். அப்புறம் நடந்து பார்த்தேன், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், கறுத்த எரிமலைப் பாறை, நாலு மாத மழை. அந்த மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதி மாதங்களை ஓட்டியிருக்கிறார்கள். புத்தர் சிலைக்கு முன் நின்றபோது வராத மரியாதை அந்தத் தொட்டி முன் எனக்கு வந்தது.

நேரம் இருந்தால் 90ஆம் குகைக்கும் ஏறிப் போங்கள். 1009, 1021ஆம் ஆண்டுகளில் இங்கே வந்த பார்சிகள் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழியில் தங்கள் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு ஆயிரம் வருடம் முன்னால் வந்த பயணிகள் அவர்கள்.

கன்ஹேரிக் கல்வெட்டுகளில் கல்யாண், சோபாரா ஊர்க்காரர்கள் கொடுத்த தானங்கள் வருகின்றன. அதைப் படித்த பிறகு சோபாராவுக்கும் மிதித்தே போக வேண்டும் என்று ஆசை. தஹிசர், காஷிமீரா, வர்சோவா பாலத்தில் கழிமுகத்தைத் தாண்டி வசாய் பாட்டா என்ற சாலைப் பிரிவு, அங்கே இடது பக்கம் திரும்பி நாலாசோபாரா. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அதிகம், இருட்டு பிரியும்போதே கிளம்பிவிட வேண்டும்.

சோபாரா இன்று புறநகர். அன்று அது துறைமுகம். ஊருக்குள் புருட் ராஜாவின் கோட்டை என்று மக்கள் சொல்லிவந்த மேட்டை 1882இல் தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திரஜி தோண்டினார். அது செங்கல் ஸ்தூபி. நடுவில் கல்பேழை, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செம்பு, வெள்ளி, கல், படிகம், தங்கச் சிமிழ்கள். தங்கச் சிமிழில் இருந்தவை ஒரு பிச்சைப் பாத்திரத்தின் சில்லுகள். இவை இப்போது மும்பை ஏசியாட்டிக் சொசைட்டியில் இருக்கின்றன.

நான் போனபோது வெள்ளைப் புடவையில் ஒரு மாமியாரும் மருமகளும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வணங்கி முடித்ததும் மாமியார், "எங்கிருந்து வருகிறாய், தம்பி?" என்று விசாரித்தார். சொந்த ஊர் நாகப்பட்டினம் என்றேன். அங்கே இப்படி உண்டா என்று கேட்டார். ராஜராஜன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் அதுவரை நின்றிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டதையும் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று செங்கல்லின் மேல் கையை வைத்து, "இது இருக்கிறதே, இங்கே வந்துபோ" என்றார். மருமகள் டப்பாவைத் திறந்து அவல் கொடுத்தார். அந்த வார்த்தையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஊரில் இல்லாமல் போன ஒன்றுக்காக, இங்கே ஒரு மராத்தி அம்மா என்னோடு சேர்ந்து துக்கப்பட்டார்.

சோபாராவில் கிடைத்த அசோகரின் எட்டாம் கல்வெட்டுத் துண்டு தென் மும்பையின் ஃபோர்ட் பகுதி அருங்காட்சியகத்தில் உள்ளது. முந்தைய அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் ஊர் சுற்றினார்கள், அசோகரோ பட்டமேறிப் பத்தாண்டு ஆனபோது போதி மரத்துக்குப் போனார், தர்ம யாத்திரை அப்படித் தொடங்கியது என்று சொல்லும் கல்வெட்டு அது. பயணம் பிடித்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்து அந்தேரி மகாகாளி குகைகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்பதாம் குகையில் ஸ்தூபிக்குத் தனியாக வட்ட அறையே குடைந்திருக்கிறார்கள். போரிவலி மாகாட்டாணே குகைகளுக்குக் குடியிருப்புகளுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், ஒரு ஞாயிறு சேர்ந்தே போகலாம்.