கலைச்சொல் முன்மொழிவு: ஓபராவின் திரையரங்க நேரலைக்கு 'அரங்கஞ்சல்'

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா என்ற அரங்க நிறுவனம் தன் மேடை நிகழ்ச்சிகளைப் பல நாட்டுத் திரையரங்குகளுக்குச் செயற்கைக்கோள் வழியே உடனுக்குடன் அனுப்புவதற்கு, 'இசைநாடக நேரலை' என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருந்தார். அதன் இரு பகுதிகளையுமே மாற்றவேண்டும் என்று கருதுகிறேன். இசைநாடகம் என்றதும் நமக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடை மரபே நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரை அதற்கே விட்டுவிட்டு, வயலினை வயலின் என்றே வழங்குவதுபோல், மேலைநாட்டுப் பாட்டு நாடகமான ஓபராவையும் அப்படியே வழங்கலாம்.

நேரலை என்ற பகுதியைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். மெட்ரோபாலிட்டன் ஓபராவின் வானொலி மரபு மிகப் பழையது. 1931 டிசம்பர் 25 அன்று ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹம்பர்டிங்கின் 'ஹான்சலும் கிரெட்டலும்' என்ற ஓபரா முழுமையாக ஒலிபரப்பாயிற்று. அதன்பின் சனிக்கிழமைப் பிற்பகல் நிகழ்ச்சிகளை வானொலியில் கேட்பது அமெரிக்காவில் பல குடும்பங்களின் வழக்கமாகவே ஆயிற்று. அதற்கு ஒலிபரப்பு என்ற சொல் முற்றிலும் பொருந்துகிறது. ஏனெனில் வானொலிப் பெட்டி வைத்திருந்த எவரும் கேட்கும்படி அது எங்கும் பரவியது. ஆனால் 2006 டிசம்பர் 30 அன்று மொட்சார்ட்டின் 'மாய வேய்ங்குழல்' ஓபராவின் சுருக்க வடிவத்தோடு தொடங்கிய திரையரங்க முறை பரப்புதல் அன்று. ஓர் அரங்கிலிருந்து புறப்பட்டுக் குறிப்பிட்ட பிற அரங்குகளைச் சென்றடைவது அது. சீட்டு வாங்கி, இருட்டில் ஒன்றாக அமர்ந்து, பாடகருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கைதட்டுகிற ஒரு சபை அங்கே கூடுகிறது. கிரிக்கெட்டுக்கும் செய்திக்கும் வழங்கும் நேரலை என்ற பொதுச்சொல் இந்தச் சபையைச் சுட்டுவதில்லை.

துய்ப்பும் வேறுபடுகிறது. ஏறத்தாழ 3,800 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில் பாடகர்கள் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடுகிறார்கள்; ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களுக்குரிய பெரிய வாத்தியக் குழுவை மீறி ஒரு குரல் கடைசி வரிசையை எட்டுவதே அங்கே பெரும் வியப்பு. திரையரங்கிலோ ஒலிவாங்கிகள் சிறிய குரலையும் பெரிய குரலையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடுகின்றன. அதற்கு ஈடாக, பாடுபவரின் மூச்சையும் முகத்தின் சிறு அசைவையும் அண்மைக் காட்சியில் காண்கிறோம், இடைவேளையில் மேடைத் திரைக்குப் பின்னே அரங்க அமைப்பை மாற்றுவதையும் பார்க்கிறோம். இந்த ஈடு எனக்குப் பெரிதும் நிறைவளிக்கிறது. என்றாலும் இதைத் திரைப்படம் என்று சொல்லிவிட முடியாது. தவறினால் மீண்டும் எடுக்க இடமில்லாத மேடையின் பதற்றம் இதில் அப்படியே வந்து சேர்கிறது.

ஆகவே 'அரங்கஞ்சல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். இலங்கை வானொலி வழக்கில் நேரலையைக் குறிக்க 'நேரடி அஞ்சல்' உண்டு. ஓரிடத்தில் நிகழ்வதைக் கைமாற்றி இன்னோரிடத்தில் சேர்ப்பது என்ற பொருள் அஞ்சலோட்டம் (ரிலே ஓட்டம்) என்ற சொல்லிலும் இருக்கிறது. அரங்கு என்பது நாடக மேடைக்கும் திரையரங்குக்கும் பொதுவாதலால் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் ஒருசேரச் சுட்டும். அஞ்சல் என்றால் தபால்தானே நினைவுக்கு வரும் என்று அம்மையார் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். முன்னே அரங்கு நிற்பதால் அந்த மயக்கம் நேராது என்று நம்புகிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகம்' 2011 நவம்பரில் அரங்கஞ்சல் செய்யப்பட்டது." காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பொருளாகக் கொண்டு, பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகளிலேயே பாடப்படும் ஓபரா அது, தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக நடந்த 1913ஆம் ஆண்டு நியூகாசில் பயணமே அதன் மூன்றாம் அங்கம் என்பதால் நம் அகராதிக்கு இந்த எடுத்துக்காட்டு தகும்.

பதிவுசெய்து பின்னாளில் திரையிடுவதற்கு 'மறுகாட்சி' போதும். அது நேரடியாக நிகழாமையால் அரங்கஞ்சல் ஆகாது. இணையத்தில் தனியாகப் பார்ப்பதையும் இச்சொல்லுக்குள் அடக்கவேண்டாம். அதற்கு 'ஓடை' முதலிய சொற்கள் ஏற்கெனவே இக்குழுவில் ஆய்வில் உள்ளன. மாற்றுச் சொல் வைத்திருப்போர், 'செய்' சேர்ந்த வினைவடிவத்தையும் உடன் எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன்.